பொத்தானுக்குள் அடங்காத தமிழ்

இணையத்தளம் அமைத்துத் தரும் சேவைகளில் கிடைக்கும் வார்ப்புருக்களில், அதாவது டெம்ப்ளேட்டுகளில், வலது மேல்மூலையில் பெரும்பாலும் ஒரு பொத்தான் இருக்கும். அதில் ஆங்கிலத்தில் 'புக்' என்ற நான்கெழுத்துச் சொல் அழகாக உட்கார்ந்திருக்கும். சிராங்கூன் சாலையில் மருதாணி இடும் கடை வைத்திருப்பவர் அதை அழித்துவிட்டு 'முன்பதிவு செய்யுங்கள்' என்று தட்டச்சு செய்கிறார். உடனே 'செய்யுங்கள்' கீழ்வரிக்கு இறங்குகிறது; அதன் கீழ்ப்பாதி பொத்தானின் விளிம்பில் வெட்டுப்படுகிறது; பக்கத்தில் இருந்த கடைச்சின்னம் இடப்புறம் நெருக்கித் தள்ளப்படுகிறது. அவர் தமிழைக் கைவிட்டு மீண்டும் 'புக்' என்றே போட்டுவிடுவார். சிங்கப்பூரில் பல தமிழ்க் கடைகளின் இணையத்தளங்களில் பெயர்ப்பலகை மட்டும் தமிழிலும் மற்றதெல்லாம் ஆங்கிலத்திலும் இருப்பதற்கு ஆர்வக்குறைவைக் காரணம் சொல்கிறார்கள். பாதிக் காரணம் இந்தப் பொத்தான்தான் என்பது என் எண்ணம்.

வார்ப்புருவைப் படம் என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது விதிகளின் தொகுப்பு. பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதை எச்டிஎம்எல் சொல்லும். அவை எப்படித் தோன்ற வேண்டும் என்பதை சிஎஸ்எஸ் சொல்லும். இந்த இரண்டையும் பிரித்துவைக்கும் சிஎஸ்எஸ்ஸைக் கணினி வல்லுநர் ஹோகோன் வியூம் லீ 1994இல் முன்வைத்தார். 1996இல் அது தரநிலையாக வெளிவந்தது. உலாவியின் கண்ணுக்குத் தலைப்பு, பத்தி, பொத்தான் எல்லாமே செவ்வகப் பெட்டிகள். முதலில் ஒவ்வொரு பெட்டிக்கும் அகலம் எவ்வளவு என்று கணக்கிடும். அந்த அகலத்துக்குள் சொற்களை இடமிருந்து வலமாக அடுக்கும். இடம் தீர்ந்தால் அடுத்த வரி. எத்தனை வரி சேர்ந்ததோ அதற்கேற்பப் பெட்டியின் உயரம் வளரும். உயரத்தைச் சொற்கள் தீர்மானிக்கும்படி விட்டுவைத்திருந்தால் சிக்கலே இல்லை. வடிவமைத்தவர் 'உயரம் 40 பிக்சல்' என்று ஆணி அடித்துவிட்டால், மிஞ்சுவது வெளியே வழியும், வழிய விடாவிட்டால் வெட்டுப்படும். மருதாணிக் கடைப் பொத்தானில் நடந்தது இதுதான்.

அந்த ஆணியை வடிவமைத்தவர் அடித்ததற்குக் காரணம், அவர் கண்முன் இருந்த மாதிரி உரை. வார்ப்புரு செய்பவர்கள் பெரும்பாலும் 'லோரம் இப்சம்' என்று தொடங்கும் பொருளற்ற லத்தீன் உரையைக் கொட்டித்தான் அழகு பார்ப்பார்கள். லத்தீனில் சொற்கள் குட்டையானவை, இடைவெளிகள் அடிக்கடி வரும். உலாவி வரியை உடைப்பது பொதுவாக இடைவெளியில் மட்டுமே. தமிழிலோ வேற்றுமை உருபு, பன்மை, சாரியை எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவையொட்டிப் போட்டி நடத்தும் ஒரு சமூக மன்றத்தின் பக்கத்தில் 'பங்கேற்பாளர்களுக்கான' என்ற ஒற்றைச் சொல் சாதாரணமாக வரும். அதற்குள் உடைக்க இடமில்லை என்று உலாவி கருதும்.

இதனால் விளைவது வரி நீளுவது மட்டுமன்று. நெடுவரிசையாகப் பிரிக்கப்பட்ட பக்கங்களில், ஒரு பெட்டி எவ்வளவு குறுகலாம் என்பதை அதற்குள் இருக்கும் மிக நீளமான சொல்லே முடிவு செய்யும். 2011இல் வந்து பரவலான பூட்ஸ்ட்ராப் போன்ற கட்டமைப்புகள், அதாவது ஆயத்த விதித் தொகுப்புகள், பக்கத்தை 12 நெடுவரிசைகளாகப் பிரிக்கின்றன. 12 என்பது 2, 3, 4, 6 ஆகிய நான்காலும் வகுபடும் எண். எப்படி வேண்டுமானாலும் பங்கு போடலாம். கணக்கு அழகானதுதான். ஆனால் 360 பிக்சல் அகலத் திறன்பேசித் திரையில் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்து, ஒன்றில் 'பங்கேற்பாளர்களுக்கான' என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டால், அந்தப் பெட்டி சுருங்க மறுக்கும்; பக்கம் முழுவதும் வலப்புறமாகப் பிதுங்கும். நீண்ட சொல்லை எழுத்து எல்லையில் உடைக்க அனுமதிக்கும் ஒரு வரி விதியை சிஎஸ்எஸ்ஸில் சேர்த்தால் பிதுங்கல் நிற்கும். அதைவிட நல்லது, குறுகிய திரையில் அந்தப் பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கிவிடுவது. திரையின் அகலம் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் இந்த அணுகுமுறைக்கு இணைய வடிவமைப்பாளர் ஈத்தன் மார்கோட் 2010இல் பெயர் சூட்டினார். இன்று எல்லா வார்ப்புருக்களும் அப்படி மாறுவதாகத்தான் சொல்லிக்கொள்கின்றன. எந்த அகலத்தில் மாறுகின்றன என்பதை ஆங்கிலச் சொற்களை வைத்தே முடிவு செய்திருப்பார்கள்.

இனி எழுத்துருவுக்கு வருவோம். 'பாப்பின்ஸ்' என்ற எழுத்துருவை எத்தனையோ வார்ப்புருக்களில் பார்க்கலாம். அதை உருவாக்கியது இந்தியாவைச் சேர்ந்த எழுத்துரு நிறுவனம்; அதில் லத்தீனும் தேவநாகரியும் உண்டு, தமிழ் இல்லை. அப்படியிருந்தும் அதே பக்கத்தில் தமிழ் தெரிகிறதே, எப்படி? உலாவி ஒவ்வோர் எழுத்துக்கும் எழுத்துருப் பட்டியலை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். முதலாவதில் அந்த எழுத்து இல்லையென்றால் இரண்டாவது, அதிலும் இல்லையென்றால் கருவியிலேயே இருக்கும் எழுத்துரு. எதிலும் இல்லையென்றால்தான் வெற்றுக் கட்டம். ஆகவே ஒரே பக்கம் விண்டோஸ் கணினியில் 'நிர்மலா யூஐ' எழுத்துருவிலும், ஆண்ட்ராய்டில் 'நோட்டோ'விலும், ஆப்பிள் கருவிகளில் பெரும்பாலும் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த எழுத்துருவிலும் தோன்றும். மூன்றும் நல்லவைதாம். ஆனால் மூன்றின் அகலமும் வேறு, தடிமனும் வேறு. கடைக்காரர் தம் கணினியில் பார்த்துச் சரிசெய்த பக்கத்தை வாடிக்கையாளர் அதே தோற்றத்தில் பார்ப்பதில்லை.

இதற்கு எளிய வழி, பாப்பின்ஸுக்கு அடுத்து ஒரு தமிழ் எழுத்துருவை நாமே பெயர் சொல்லிச் சேர்ப்பது. 'முக்தா மலர்', 'ஹிந்த் மதுரை', 'கேட்டமரன்' போன்றவை கூகல் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கம் கனத்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். இந்தத் தொகுப்பிலிருந்து வரும் எழுத்துருக் கோப்புகள் மொழிவாரியாகத் துண்டாக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு தமிழ் எழுத்தாவது இருந்தால்தான் உலாவி தமிழ்த் துண்டைக் கேட்டு வாங்கும். அது வந்து சேரும்வரை கருவியின் எழுத்துரு நிற்கும், வந்ததும் மாறும். எம்ஆர்டி ரயிலில் இணைப்பு மெதுவாக இருக்கும்போது பொத்தானைத் தொடப்போகும் நொடியில் அது சற்றே நகர்ந்துபோவதைக் கவனித்திருக்கலாம். பல நேரங்களில் எழுத்துரு மாறி, வரி மறுபடி உடைந்ததன் விளைவுதான் அது.

எழுத்து திரையில் உருப்பெறும் விதத்தில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று உருவங்கள் தெரிகின்றன: கொம்பு, க, கால். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரநிலையான யுனிகோடில் இது 'க' என்ற ஓர் எண்ணும் ஒகரக் குறி என்ற ஓர் எண்ணுமாக இரண்டே எண்களாகச் சேமிக்கப்படுகிறது. ஒலிக்கும் வரிசையில் மெய் முதலில், உயிர் பின்னால். அதை எடுத்து, ஒகரக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது உருவமைப்புப் பொறி என்ற நிரல். குரோம், பயர்பாக்ஸ் உலாவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் இந்த வேலையைச் செய்வது 'ஹார்ப்பஸ்'. 'மு', 'டு', 'ழூ' போன்றவற்றுக்கு உகர, ஊகாரக் குறிகளைத் தனியாக ஒட்டாமல், எழுத்துருவுக்குள் வரைந்துவைத்த முழு உருவத்தைத் தேடி எடுத்துப் போடுவதும் அதுவே. நாம் ஒரு பத்தியைத் திறக்கும் இமைப்பொழுதில் இது நூற்றுக்கணக்கான முறை நடந்து முடிகிறது.

இந்தப் பொறி இல்லாத இடத்தில் தமிழ் நொறுங்கும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இயல்பாக அமைந்திருந்த எழுத்தமைப்பு முறை லத்தீனுக்கும் கிழக்காசிய மொழிகளுக்கும் உரியது. விருப்பத் தெரிவுகளுக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான முறைக்கு மாற்றாவிட்டால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உயிர்க்குறிக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் முளைக்கும். எழுத்து உடைந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்து, 'தமிழ் தெரியாதவர் எழுதியிருக்கிறார்' என்று நாம் கோபப்படுகிறோம். மொழிபெயர்ப்பு சரியாகவே வந்திருக்கும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் அதை ஒட்டிய செயலியில்தான் பெரும்பாலும் கோளாறு. அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டாதது வேறு கணக்கு. அதற்குச் செயலியைக் குறை சொல்ல முடியாது.

யுனிகோடு பரவுமுன் கதை தலைகீழ். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தாங்கிய இணையத்தளத்தை அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழைத் திரையேற்றியவர் எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சி விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. அந்நாளைய தமிழ் எழுத்துருக்கள் மொத்தம் 256 இடங்களுக்குள் தமிழ் உருவங்களை அடக்கின. கொம்பு, க, கால் ஆகிய மூன்றையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தன. உருவமைப்புப் பொறி தேவையில்லை. ஆனால் அதே எழுத்துரு படிப்பவர் கணினியிலும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கவிதைக்குப் பதிலாக லத்தீன் எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை தெரியும். சங்கங்களின் பழைய மலர்க் கோப்புகளைத் திறந்து, உரையை நகலெடுத்து இணையத்தில் ஒட்டும்போது இன்றும் இதே குப்பை வருகிறது. அந்த உரையை முதலில் யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

வரிகளுக்கிடையிலான உயரமும் அப்படியே ஆங்கில அளவில் வருகிறது. தலைப்புகளுக்கு எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு என்று வைத்திருப்பார்கள். 32 பிக்சல் எழுத்துக்கு 38.4 பிக்சல் வரி. தமிழில் 'கீ', 'ணீ' எழுத்துகளின் சுழியும் மெய்யின் புள்ளியும் மேலே ஏறும். 'ழூ', 'று', 'ஞு' கீழே இறங்கும். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் 'று' கீழ்வரியின் புள்ளியில் முட்டும். புள்ளி கரைந்தால் 'பட்டம்' 'படடம்' ஆகிவிடுமே! தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.6 அல்லது 1.7 என்று கூட்டினால் தமிழ் மூச்சுவிடும். தடித்த எழுத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாவிட்டால் உலாவி தானே உருவத்தைப் பருமனாக்கிப் போலித் தடிமன் செய்யும். சிறிய அளவில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சாய்வெழுத்தும் அப்படித்தான். தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் அரிது; உலாவி நிமிர்ந்த எழுத்தையே பிடித்துச் சரிக்கும். மேற்கோளைச் சாய்க்கும் வார்ப்புருவில் அந்த விதியை நான் முதல் வேலையாக நீக்கிவிடுவேன்.

ஆங்கில வார்ப்புருக்கள் பட்டியல் தலைப்புகளை முழுவதும் பெரிய எழுத்துகளாக்கி வேறுபடுத்திக் காட்டும். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது. விதி ஒன்றும் செய்யாமல் நிற்கும். தலைப்பும் உரையும் ஒரே தோற்றத்தில் கலந்துவிடும். அந்த வேறுபாட்டைத் தடிமனாலோ நிறத்தாலோ நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

நிறம் எல்லா மொழிக்கும் பொது என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். இரு நிறங்களின் ஒளிர்வு விகிதம் சாதாரண உரைக்கு 4.5க்குக் குறையக்கூடாது என்பது அனைத்துலக அணுகல் நெறி. ஒளிர்வுக் கணக்கில் பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722 என்று பங்கு. நம் கண்ணின் உணர்திறன் அப்படி. தீபாவளிப் பக்கங்களில் நாம் விரும்பும் தங்க நிறம் வெள்ளைப் பின்னணியில் வெறும் 1.4தான் பெறும். அதே தங்கம் அரக்குச் சிவப்பில் ஏறக்குறைய 7.8. பட்டுச்சேலைக் கரைக்கு நிறம் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் தேவைப்பட்டிருக்காது.

கேன்வா போன்ற செயலிகளில் அழகான சுவரொட்டி செய்து, அதை அப்படியே படமாக இணையத்தளத்தில் ஒட்டிவிடுவது சுலபம், எழுத்தும் உடையாது. ஆனால் படத்துக்குள் இருக்கும் தமிழ் சிறிய திரையில் வரி மாறாது, சுருங்கத்தான் செய்யும். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதை இயல்பாகப் படிக்காது. விழா நாளைத் தேடுபவருக்குத் தேடுபொறியிலும் எளிதில் அகப்படாது. அழைப்பிதழ் படமாக இருக்கட்டும். நாள், நேரம், இடம் எழுத்தாகவே கீழே இருக்கட்டும்.

வார்ப்புருவோடு வரும் சிறு நிரல்களையும் பார்க்க வேண்டும். உறுப்பினர் பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டும் வசதி பல தளங்களில் உண்டு. மீனாட்சி என்பவருக்கு அங்கே 'ம' வரும், ஜெயந்திக்கு 'ஜ' வரும். நிரல் எழுத்தை எண்ணுவதில்லை, யுனிகோடு எண்களை எண்ணுகிறது. 'சிங்கப்பூர்' நமக்கு 6 எழுத்து, நிரலுக்கு 11. 'தலைப்பு 40 எழுத்துக்குள்' என்று கட்டுப்பாடு வைக்கும் படிவங்களில் தமிழருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20 எழுத்துதான். முழு எழுத்தாகப் பிரிக்கும் வசதி இப்போது உலாவிகளிலேயே இருக்கிறது. வார்ப்புரு செய்தவர் அதைப் பயன்படுத்தினாரா என்பதுதான் கேள்வி.

ஆகவே காசு கொடுத்து வாங்குமுன், வார்ப்புருவின் மாதிரிப் பக்கத்தைத் திருத்திப் பாருங்கள். பொத்தானில் 'முன்பதிவு செய்யுங்கள்', தலைப்பில் இரண்டு வரிக்கு நீளும்படி 'பங்கேற்பாளர்களுக்கான அறிவிப்பு: கொழுந்து வெற்றிலை, ஞாயிற்றுக்கிழமை', பெயர்ப்பெட்டியில் 'மீனாட்சி'. உலாவியின் சாளரத்தை முடிந்த மட்டும் குறுக்குங்கள். கொம்பு தன் இடத்தில் இருக்கிறதா, புள்ளி பிழைத்ததா, பக்கம் பக்கவாட்டில் நகர்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு அதையே ஓர் ஆண்ட்ராய்டிலும் ஓர் ஐபோனிலும் திறந்து பாருங்கள். எழுத்துரு வேறாகத் தெரிந்தால், தமிழ் எழுத்துருவின் பெயரைப் பட்டியலில் சேர்க்க மறந்திருக்கிறீர்கள்.