கல்லி: சந்தா, தெருவா, பேட்டையா?

2019 பிப்ரவரியில் வெளிவந்த 'கல்லி பாய்' இந்திப் படத்தின் பெயரைத் தமிழில் எழுதியதுமே இரண்டு குழப்பங்கள் வந்துவிடுகின்றன. முதலாவது 'பாய்'. இயக்குநர் ஜோயா அக்தர் சொன்னது ஆங்கிலத்துப் பையனை. நம் ஊரிலோ 'பாய்' என்றால் முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் சொல். கதைநாயகன் முராத் மும்பையின் தாராவிக் குடிசைப்பகுதியில் வாழ்ந்து, ராப் பாடகனாகும் முஸ்லிம் இளைஞன் என்பதால், தப்பாகப் படித்தாலும் பொருந்தித் தொலைக்கிறது! இரண்டாவது குழப்பம் 'கல்லி'. இதன் முதல் எழுத்து 'கண்ணாடி'யின் க அல்ல, 'கங்கை'யில் பலரும் உச்சரிக்கிற க. அதைக் கவனிக்காவிட்டால் கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

சொல் இந்தியிலும் உருதிலும் 'கலி', மராத்தியில் லகரம் இரட்டித்துக் 'கல்லி'. இரு பக்கமும் வீடுகள் நெருக்கி நிற்க, நடுவே ஓடும் குறுகிய வழி என்பது நேர்ப்பொருள். பழைய டெல்லியில் கவிஞர் காலிப் குடியிருந்த இடத்துக்குக் 'கலி காசிம் ஜான்' என்று பெயர். மும்பையில் தின்பண்டக் கடைகள் வரிசையாக இருக்கும் குறுகலான தெருவைக் 'காவூ கல்லி' என்பார்கள். அதாவது, கல்லி என்றாலே வறுமை என்று அர்த்தமில்லை. கவிஞரும் இருந்திருக்கிறார், பாவ் பாஜியும் விற்றிருக்கிறது.

ஆங்கிலத்திலும் ஒரு 'கல்லி' உண்டு. மழைநீர் அரித்து உண்டான பள்ளத்தைக் குறிக்கும் அந்தச் சொல், தொண்டை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழியாக வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். இந்திச் சொல்லோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் கிரிக்கெட் ரசிகர்களுக்குக் குழப்பாமல் இருக்கவும் முடியாது. ஸ்லிப்புக்கும் பாயின்ட்டுக்கும் இடையில் ஃபீல்டர் நிற்கிற கல்லி ஆங்கிலத்துக் கல்லி. டென்னிஸ் பந்தும் செங்கல் ஸ்டம்புமாக ஆடுகிற 'கல்லி கிரிக்கெட்' இந்திக் கல்லி. ஒரே விளையாட்டு, ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு வேறு சொற்கள்.

சரி, ராப்புக்கு வருவோம். படத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர்கள் மும்பையின் டிவைன், நேஸி என்ற இரு ராப் பாடகர்கள். டிவைன் அந்தேரிக்காரர், நேஸி குர்லாக்காரர். 2015-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட 'மேரே கல்லி மே' பாட்டு, பின்னர் படத்திலும் புது வடிவத்தில் வந்தது. 'என் சந்தில்' என்பது அதன் நேர்மொழிபெயர்ப்பு. ஆனால் அப்படிச் சொன்னால் பாட்டின் திமிரில் பாதி காணாமல் போய்விடுகிறது. அவர்கள் சொல்வது முகவரி மட்டுமல்ல. நான் வளர்ந்த இடம், என் ஆட்கள், என் பேச்சு, இங்கே நான் வைத்ததுதான் சட்டம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. போதாக்குறைக்கு அமெரிக்க ராப் கொச்சையிலும் 'கல்லி' என்றால் தெருக்குணம் மாறாத, முரட்டுத்தனமான என்று ஒரு பொருள் உண்டு. அதனால் ராப் கேட்டு வளர்ந்த மும்பைப் பையன்கள் வாயில் இந்தச் சொல் இரு பக்கமும் கூரானது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? வழியை மட்டும் குறிக்க நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சென்னையில் சந்து. தென் மாவட்டங்களில் முடுக்கு. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை, என் காதுக்கு இவற்றில் மிக அழகானது. சங்கப் பாட்டில் மறுகு. இதில் 'மறுகு' இன்று எழுதினால் மறுகி மறுகி அழுவதாகத்தான் வாசகர் நினைப்பார், விட்டுவிடலாம். 'சந்து'தான் அளவில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டு பொருள்கள் கூடும் இடம், இடைவெளி என்பதிலிருந்து குறுகிய தெரு என்ற பொருள் வந்தது. 'சந்தி' என்ற வடசொல்லோடு அதை இணைப்பவர்களும் உண்டு. அதற்காக ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

சந்துக்கு இன்னொரு தகுதியும் இருக்கிறது. 'கிடைத்த சந்தில் சிந்து பாடுகிறான்' என்று சொல்கிறோமே, அந்தச் சிந்து நம் பழைய பாட்டு வடிவம். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பலருக்கும் தெரியும். கொலைச்சிந்து தெரிந்தவர்கள் குறைவு. ஊரை உலுக்கிய கொலை, ரயில் விபத்து என்று எது நடந்தாலும் உடனே பாட்டுக் கட்டி, மலிவுத் தாளில் அச்சடித்து, சந்தையிலும் தெருவிலும் பாடியே விற்றார்கள். நடப்புச் செய்தியை எதுகை மோனையோடு கூட்டத்துக்கு நடுவே சொல்வது ராப்பின் வேலை என்றால், அந்த வேலையை இவர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள். ராப்புக்குச் 'சொல்லிசை' என்ற தமிழ்ச்சொல் இப்போது வழக்கில் இருக்கிறது. நல்ல சொல்தான், ஆனால் கொஞ்சம் சட்டை மடிப்பு கலையாத சொல். சிந்துவில் இருக்கும் தெருப்புழுதி அதில் இல்லை.

ஆனாலும் 'சந்துப் பையன்' என்றால் திமிர் வரவில்லை, பரிதாபம்தான் வருகிறது. 'தெருப்பையன்' இன்னும் மோசம், பொறுக்கி என்ற அடுத்த சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். டிவைன் சொல்லும் பொருளில் சென்னைக்காரர் பேசினால் 'எங்க ஏரியா' என்பார். அந்த ஏரியாவுக்குத் தமிழ் பேட்டை. கோட்டைக்கு வெளியே உழைப்பவர்களும் வணிகர்களும் குடியிருந்த பகுதிதான் பேட்டை. சைதாப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை என்று சென்னையின் பாதி வரைபடம் அதில்தான் முடிகிறது. கொழும்பின் புறக்கோட்டையை ஆங்கிலத்தில் 'பெட்டா' என்பதும் இதே சொல்தான். 'பேட்டைக்காரன்' என்றால் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள், கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவார்கள். 'பேட்டை ராப்' என்று 1994-ல் 'காதலன்' படத்துக்காக ஒரு பாட்டு வந்ததே, அந்தத் தலைப்பு 'கல்லி ராப்'புக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்ட சரியான மொழிபெயர்ப்பு என்பேன். ஆகவே, வழியைச் சொல்லும்போது சந்து, பெருமையைச் சொல்லும்போது பேட்டை. படத்தின் பெயரை மட்டும் கைவைக்காமல் 'கல்லி பாய்' என்றே எழுதலாம்.

இன்னொரு தரப்பையும் கேட்க வேண்டும். படம் நடக்கும் தாராவியில் தமிழர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையிலிருந்து போனவர்கள் அதில் ஏராளம். அவர்கள் வீட்டில் முடுக்கும், வாசலுக்கு வெளியே கல்லியும் புழங்குகின்றன. அங்கிருந்து வந்த 'டோப்அடெலிக்ஸ்' ராப் குழு தமிழிலும் பாடும். 'கல்லி பாய்' வருவதற்கு எட்டு மாதம் முன்பு, 2018 ஜூனில், தாராவியைக் களமாகக் கொண்ட 'காலா' வெளியானபோது அதில் இவர்களின் குரல் இருந்தது. அவர்கள் பாடியவற்றில் ஒன்றின் தலைப்பு 'தெருவிளக்கு'. கல்லியும் இல்லை, பேட்டையும் இல்லை. அங்கே தெருவே போதுமானதாக இருந்திருக்கிறது.