கை கொடுக்க முதல் பலகையைப் பாருங்கள்

10 வயதுக்குட்பட்ட சிறுமிகளின் சதுரங்க ஆட்டம். எதிரே இருப்பவள் ராணியை வைத்து "மேட்" (ராஜா தப்ப வழியே இல்லை) என்று கையை நீட்டுகிறாள். நம் பிள்ளையும் கை கொடுத்து, தான் தோற்றதாகத் தாளில் 0-1 என்று ஒப்பமும் போட்டுவிடுகிறாள். ஆனால் ராஜா ஒதுங்க ஒரு கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. கொழும்பின் வயதுப் பிரிவுப் போட்டிகளில் இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

"அது மேட்டே இல்லை, மாத்தி எழுதுங்கோ" என்று பெற்றோர் பிறகு ஓடி வருவார்கள். மேட் என்று வாயால் சொன்னால் மேட் ஆகாது. ஆனால் தோல்வியை ஒப்புக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. இருவரும் ஒப்பமிட்ட முடிவு பிழையாக இருந்தாலும், மத்தியஸ்தர் வேறாகத் தீர்மானித்தாலன்றி, உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி அதுவே நிற்கும்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: மத்தியஸ்தரைக் கூப்பிடுவது கோள் சொல்வது, பெண்பிள்ளைக்கு அடக்கமில்லை என்பது. இல்லவே இல்லை! அவர் அங்கே நிற்பதே அதற்குத்தான். மணிக்கூட்டை நிறுத்திக் கூப்பிடுவது, குதிரையை நகர்த்துவது போல, ஆட்டத்தின் ஒரு பகுதி. அவர் சிங்களத்தில் கதைப்பார் என்ற பயமும் வேண்டாம். கையை உயர்த்த மொழி தேவையில்லை. தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்கவும் செய்யலாம்.

தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எதிராளி அதை மீறினால், உங்கள் காயை நகர்த்தத் தொடுவதற்கு முன்பே முறையிட வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. தொட்டால் உரிமை போய்விடும். எதிராளியின் விதிமீறிய நகர்வுக்கும் முறையிடலாம்: நீண்ட நேர ஆட்டத்தில் முதல் தடவை உங்கள் மணிக்கூட்டில் 2 நிமிடம் கூடும், இரண்டாம் தடவை பொதுவாக மீறியவருக்கு ஆட்டமே போகும். குறைந்த நேர ஆட்டமான ரெபிட்டில் மத்தியஸ்தர்கள் குறைவென்றால், நீங்கள் பதிலுக்கு நகர்த்தியபின் அந்தப் பிழை அப்படியே நின்றுவிடும்.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாக மாறும்போது ராணிக் காய் கைக்கெட்டவில்லையா? அதற்குப் பதிலாகக் கோட்டையைக் கவிழ்த்து வைக்காதீர்கள், அது கோட்டைதான். மணிக்கூட்டை நிறுத்தி ராணியைக் கேளுங்கள். பலகையில் அதே நிலை மூன்றாம் தடவை வரப்போகிறதென்றால், சமநிலை கேட்க, காயைத் தொடாமல் நகர்வைத் தாளில் எழுதிவிட்டுக் கூப்பிடுங்கள்.

அம்மா, அப்பா, தயவுசெய்து ஆட்டம் நடக்கும்போது வாசலில் நின்று சைகை காட்டாதீர்கள், தண்டனை பிள்ளைக்கும் வரலாம். வீட்டில் விளையாடும்போது வேண்டுமென்றே பொய்யாக "மேட்" சொல்லுங்கள். ராஜா நகரலாமா, இடையில் காய் வைக்கலாமா, செக் வைத்த காயை வெட்டலாமா என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் அவள் கை கொடுக்க வேண்டும்.