எம்ப்ளாயபிலிட்டி: தமிழில் பணித்தகவு

வணிகவியலோ வணிக மேலாண்மையோ படித்து முடித்து வேலை தேடுகிறவர்கள் ஓயாமல் கேட்கும் சொல் எம்ப்ளாயபிலிட்டி. தமிழில் இதைப் பரவலாக 'வேலைவாய்ப்புத் திறன்' என்று எழுதுகிறோம். புழங்கிப்போன சொல்தான், ஆனால் பொருள் சற்று விலகிவிடுகிறது. வேலைவாய்ப்பு வெளியே, சந்தையில் இருப்பது. எம்ப்ளாயபிலிட்டி ஆளிடம் இருப்பது. தொழில் மந்தமாகி யாருமே ஆளெடுக்காத காலத்திலும் ஒருவரிடம் அது குறையாமல் இருக்க முடியும்.

எம்ப்ளாய் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் 'இம்ப்ளிகாரே' என்ற இலத்தீன் வினை. உள்ளே மடித்துச் சேர்ப்பது, பிணைப்பது என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் ஒரு பொருளை ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துவதைக் குறித்தது. ஆளுக்கு வேலை கொடுப்பது என்ற பொருள் அப்புறம் சேர்ந்தது. ஆக, எம்ப்ளாயபிள் என்றால் பிறரால் வேலையில் அமர்த்தத் தக்கவர். பார்வை முழுக்க வேலை கொடுப்பவருடையது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்தச் சொல் அப்படித்தான் பயன்பட்டது. வேலையில்லாமல் உதவி கேட்டு வந்தவர்களை, வயதும் உடல்நலமும் பார்த்து, வேலைக்கு ஆவார், ஆகமாட்டார் என்று இரண்டாகப் பிரித்தார்கள். நடுவில் வேறு நிலை எதுவும் கிடையாது. 1998-இல் பிரிட்டன் அரசின் கல்வி, வேலைவாய்ப்புத் துறைக்காக ஜிம் ஹிலேஜும் எம்மா பொலார்டும் எழுதிய அறிக்கை சொல்லை மறுபக்கம் திருப்பியது. முதல் வேலையைப் பெறுவது, அதில் நிலைப்பது, தேவைப்பட்டால் வேறு வேலைக்கு மாறுவது ஆகிய மூன்றுக்குமான ஆற்றல்தான் எம்ப்ளாயபிலிட்டி என்றார்கள். இப்போது அது வேலை தேடுகிறவரின் சொத்து. நேர்காணலில் தேறுவது அதில் ஒரு பங்குதான்.

பட்டம் வேறு, இது வேறு என்பது அலுவலகத்தில் சீக்கிரமே தெரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கிப் பட்டியலைத் தருகிறார்கள் என்று வையுங்கள். பணம் வராமல் எத்தனை நாள் ஆகிறது என்று காட்ட 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று பத்திகள். பெரிய தொகை 90 நாள் பத்தியில் நிற்கிறது. உடனே போனை எடுத்து அந்த வாடிக்கையாளரிடம் பணம் கேட்பவர் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவராக இருக்கலாம். இன்னொருவர் முதலில் கணக்கைத் திறந்து பார்க்கிறார். சரக்கில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது, அதற்கான கிரெடிட் நோட், அதாவது அந்தத் தொகையைப் பாக்கியிலிருந்து குறைக்கும் சீட்டு, இன்னும் பதிவாகவில்லை. விற்பனைப் பிரிவில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, மேலாளருக்கு இரண்டே வரியில் எழுதுகிறார்: "இந்தப் பாக்கியில் திரும்பி வந்த சரக்கின் தொகையும் சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்த பிறகு வாடிக்கையாளரிடம் பேசட்டுமா?" சரிபார்த்தது, தெரிந்தவரிடம் கேட்டது, சுருக்கமாக எழுதியது, முடிவெடுக்க வேண்டியவரிடம் விட்டது. கல்லூரிகள் கற்றுத்தர வேண்டியது இதைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன். எல்லாவற்றையும் பேச்சு, பழக்கவழக்கம் சார்ந்த 'மென்திறன்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது சரியில்லை. ஏனென்றால் கணக்கியல் அறிவு இல்லாமல் அந்த இரண்டு வரியை எழுதவே முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? திருக்குறளில், தெரிந்துவினையாடல் அதிகாரத்தில் ஒரு சொல் கிடைக்கிறது: "வினைக்குரிமை நாடிய பின்றை அவனை / அதற்குரிய னாகச் செயல்." வினைக்குரிமை என்றால் ஒரு செயலைச் செய்வதற்கு உரியவனாக இருக்கும் தன்மை. அழகான சொல்தான். ஆனால் இன்று உரிமை என்றால் சட்டம் தரும் உரிமைதான் நினைவுக்கு வரும். 'பணியுரிமை' என்று எழுதினால் வேறு பொருளாகிவிடும். 'பணித்தகுதி' என்றாலோ விண்ணப்பத்தில் கேட்கும் பட்டமும் வயதும் என்று எடுத்துக்கொள்வார்கள். இலங்கையில் தகைமை என்ற சொல்லும் அந்தப் பொருளில் வழங்குகிறது.

அதனால் 'பணித்தகவு' என்பதே என் தேர்வு. தகவு என்றால் தக்க தன்மை, அது ஆளிடம் இருப்பது. கணிதத்தில் விகிதத்தைத் தகவு என்று எழுதுவதுண்டு, ஆனால் பணி என்ற முன்சொல் இருப்பதால் இங்கே குழப்பம் வராது. எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் என்பதைப் பாடநூலில் 'பணித்தகவுத் திறன்கள்' என்று எழுதலாம். மாணவரிடம் பேசும்போது 'வேலைக்கு வேண்டிய திறன்கள்' என்றாலே போதும். அன்எம்ப்ளாயபிள் என்பதை மட்டும் 'பணித்தகவு அற்றவர்' என்று தமிழாக்க வேண்டாம். அது பழைய இரண்டாகப் பிரிக்கும் வழக்கத்துக்கே திரும்புவதாகும். எந்த வேலைக்கு எந்தத் திறன் இன்னும் போதவில்லை என்று எழுதுங்கள். படிக்கிறவருக்கு அடுத்து என்ன கற்க வேண்டும் என்பதாவது தெரியும்.