தலையணையில் இருப்பது வெற்றிலைச் சாறு இல்லை

யாங்கோனில் இத்தனை வருடம் பல் பார்த்ததில், ரத்தப் புற்றால் ஈறில் ரத்தம் கசிய வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். வாய் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால் மூவரும் சொன்னது ஒரே பதில்: வெற்றிலை. இனி எழுதாமல் இருக்க முடியாது.

பக்கத்து ஊரான தன்லினிலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும். "டாக்டரம்மா, கடைவாய்ப் பல் ஆடுது, பிடுங்கி விடுங்க." வாயைத் திறந்தால் ஈறு வீங்கிப் பாதிப் பல்லை மூடியிருக்கிறது. தொட்டதும் ரத்தம். கேட்டால், "அது குன்யா சிவப்புங்க." குன்யா என்றால் இங்கே வெற்றிலை பாக்கு. பக்கத்தில் நின்ற மனைவிதான் மெல்லச் சொன்னார்: "காலையில தலையணையெல்லாம் கறையா இருக்கு."

தூக்கத்தில் யார் ஐயா வெற்றிலை போடுகிறார்கள்?

வெற்றிலைச் சாறு கொப்பளித்தால் போய்விடும். நன்றாகக் கொப்பளித்துவிட்டு, சுத்தமான வெள்ளைத் துணியால் ஈறை ஒற்றிப் பாருங்கள். சிறிது நேரம் கழித்து மறுபடி ஒற்றுங்கள். மறுபடியும் சிவந்தால் அது ரத்தம், சாறு இல்லை. வெற்றிலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது வாய்ப்புற்றைக் கொண்டுவரும், அது தனிச் சண்டை.

ஈறில் ரத்தம் வந்தாலே ரத்தப் புற்று என்று பயப்படவும் வேண்டாம். பெரும்பாலும் பல்லில் படிந்த காரைதான் காரணம், சுத்தம் செய்தால் நிற்கும். ஆனால் ஈறு சட்டென்று வீங்கி, கூடவே காய்ச்சல், சோகை, அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. அக்யூட் மைலாய்ட் லுக்கீமியா என்ற வேகமான ரத்தப் புற்றின் சில வகைகளில் கெட்ட அணுக்கள் ஈறுக்குள்ளேயே புகுந்துவிடும்.

ரத்தத்தை உறைய வைக்கும் அணு பிளேட்லெட். இவருக்கு அது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 12,000. இருக்க வேண்டியது 1,50,000-க்கு மேல். 50,000-க்குக் கீழே இருந்தால் ரத்த டாக்டரைக் கேட்காமல் நான் குறடை எடுக்க மாட்டேன். பிடுங்க மறுத்ததற்கு அன்று அவருக்கு என்மேல் கோபம். வலிக்கு ஆஸ்பிரின் வேறு விழுங்கியிருந்தார்! ரத்தக் கசிவை அது இன்னும் கூட்டும்.

புற்றுக்குக் கீமோ மருந்து ஏற்றுகிறவர்களே, வாய் வெந்து புண்ணாகும், தெரிந்துகொள்ளுங்கள். மிருதுவான பிரஷ் போதும். வெந்நீர் ஆறியதும் உப்பும் ஆப்ப சோடாவும் கலந்து கொப்பளியுங்கள். ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். மிளகாயும் எலுமிச்சையும் போட்ட மோஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸைத் தள்ளிவைத்துக் கஞ்சி குடியுங்கள். நாக்கில் வெள்ளை படிந்தால் சொல்லுங்கள், அது பூஞ்சையாக இருக்கலாம். காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

போன வாரம் அவர் போனில் கேட்டார், குன்யா எப்போது போடலாம் என்று. நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் பதில் சொல்லிவிட்டது.