கம்பியில் போகும் சொல்: வலைச் சேவைத் தரநிலைகள் இயங்கும் விதம்

ஒரு கணினி 1 என்னும் எண்ணை நான்கு பைட்டுகளாக எழுதி அனுப்புகிறது. பெறும் கணினி அந்தப் பைட்டுகளை எதிர்வரிசையில் படிக்கும் இயல்புடையதாக இருந்தால், அதற்குக் கிடைக்கும் எண் 1,67,77,216. இரண்டு கணினிகளிலும் பழுதேதும் இல்லை. வழியில் ஒரு பிட்கூடச் சிதையவில்லை. இன்டெல் சில்லுகள் மதிப்பில் சிறிய பைட்டை முதலில் வைக்கின்றன, ஐபிஎம் பெருங்கணினிகள் பெரிய பைட்டை முதலில் வைக்கின்றன, அவ்வளவுதான். எழுத்துகளிலும் இதே கதைதான். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் பெரிய எழுத்துக்கு ஆஸ்கி முறையில் 65 என்றும், அந்தப் பெருங்கணினிகளின் எப்சிடிக் முறையில் 193 என்றும் எண் உண்டு.

இப்படி உள்ளுக்குள் வெவ்வேறாக இயங்கும் கணினிகளை இணைக்க, ஒவ்வொரு இணைக்கும் தனியே ஒரு மொழிமாற்று நிரல் எழுதலாம். பத்துக் கணினி அமைப்புகளுக்கு 45 இணைப்புகள் போதும். நூறு அமைப்புகள் என்றால் 4,950 வேண்டும். ஆகவே பொது உடன்படிக்கை ஒன்று தேவை என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. எதைப் பற்றி உடன்படுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு இருந்தது. 1991இல் வெளிவந்த கோர்பா என்னும் தரநிலையும், 1990களின் நடுப்பகுதியில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டிகாம் என்னும் தொழில்நுட்பமும், தொலைவிலுள்ள நிரற்பொருளை (தரவும் அதைக் கையாளும் செயல்களும் சேர்ந்த நிரல் துண்டை)த் தன் கணினிக்குள்ளேயே இருப்பதுபோல் நிரலாளர் கையாள வேண்டும் என்று விரும்பின. அதற்கு இரு முனைகளிலும் ஒத்த மென்பொருள் அடித்தளம் இருக்க வேண்டியிருந்தது. ஒரே நிறுவனத்தின் சுவர்களுக்குள் அது நன்றாகவே இயங்கியது. ஒருவரையொருவர் அறியாத இரு நிறுவனங்களுக்கிடையே, ஃபயர்வால்கள் என்னும் பாதுகாப்புத் தடுப்புகளைத் தாண்டி, அது தடுமாறியது.

ஒரு கணினியின் நிரல் மற்றொரு கணினியிடம் வலைவழியே வேலை கேட்டுப் பெறும் வலைச் சேவை என்னும் கருத்து அந்த விருப்பத்தைக் கைவிட்டதில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். எந்த மொழியில் நிரல் எழுதப்பட்டது, தரவு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பவற்றை அது கேட்பதில்லை. இரு கணினிகளுக்கிடையே செல்லும் செய்தியின் வடிவத்தை மட்டுமே அது வரையறுக்கிறது. வலைக்கான தரநிலைகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998 பிப்ரவரியில் பரிந்துரையாக (தன் நிறைவுபெற்ற தரநிலையாக) வெளியிட்ட எக்ஸ்எம்எல் என்னும் தரவு எழுதும் முறை இதற்கு வழி திறந்தது. அதில் எண்ணும்கூட எழுத்தாகவே எழுதப்படுகிறது; ஒவ்வொரு தரவையும் அதன் பெயரைத் தாங்கிய குறிச்சொற்கள் இருபுறமும் சூழ்கின்றன. எழுத்துகளுக்கு, உலக மொழிகள் பலவற்றின் எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு அடிப்படையானதால், குறிச்சொற்களின் பெயர்களைத் தமிழில் வைக்கவும் முதல் பதிப்பிலேயே இடமிருந்தது என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிட விரும்புகிறேன்.

கணினிகள் செய்தி பரிமாறிக்கொள்வதற்காக இந்த எழுத்து வடிவத்தின்மேல் எழுந்ததே சோப் நெறிமுறை. அதன் 1.2ஆம் பதிப்பு 2003 ஜூனில் பரிந்துரை நிலையை எட்டியது. சோப் செய்தி ஓர் உறை. உறைக்குள் உடற்பகுதி கட்டாயம் இருக்கும்; தேவைப்பட்டால் தலைப்பகுதியும் இருக்கும். ‘இந்த நாளுக்கு இந்த விமானத்தில் இரண்டு இருக்கைகள் வேண்டும்’ என்னும் கோரிக்கை உடலில் இடம்பெறும். அனுப்புநர் யார், கையொப்பம் எது போன்றவை தலைப்பகுதியில் இடம்பெறும். தலைப்பகுதியின் ஓர் உறுப்பை ‘கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது’ என்று அனுப்புநர் குறிக்க முடியும். அப்படிக் குறிக்கப்பட்ட ஒன்று பெறுநருக்குப் புரியாவிட்டால், அது செய்தியைத் தோராயமாகக் கையாளாமல், பிழை அறிக்கையைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். புரியாததைப் புரிந்ததுபோல் கடந்துபோவது மனித உரையாடலில் மன்னிக்கப்படலாம். பணப் பரிமாற்றத்துக்கான கையொப்பத்தைச் சரிபார்க்கத் தெரியாத கணினி அதைப் பொருட்படுத்தாமல் பணத்தை அனுப்பிவிடுவது மன்னிக்கத்தக்கதன்று. ஒற்றைக் குறியீட்டில் இவ்வளவு பெரிய பொறுப்பை அடக்கியது அருமையான வடிவமைப்பு.

ஒரு சேவை என்னென்ன கோரிக்கைகளை ஏற்கும், எந்த வடிவில் மறுமொழி தரும் என்பதை விஸ்டில் என்னும் விவரணக் கோப்பு அறிவித்தது. அதைக் கணினியே படித்து, வேண்டிய இணைப்பு நிரலைத் தானாக உருவாக்கிக்கொள்ளும். சேவைகளைத் தேடிக் கண்டறிய 2000இல் யுடிடிஐ என்ற பொதுப் பதிவேடும் முன்மொழியப்பட்டது. அதைப் பயன்படுத்தியோர் சிலரே, 2006இல் அந்தப் பொதுப் பதிவேடுகள் மூடப்பட்டன. இதற்கிடையில் தரநிலைகள் பெருகின. ஒரே விதியை இரு நிறுவனங்களின் கருவிகள் இருவிதமாகப் பொருள்கொண்டன. எந்தத் தெரிவுகளை விட்டுவிட வேண்டும் என்று சொல்வதற்காகவே 2002இல் டபிள்யூஎஸ்-ஐ என்னும் தனி அமைப்பு தோன்ற வேண்டியிருந்தது. அதிக வழிகளை அனுமதிக்கும் தரநிலை, தரநிலை இல்லாத நிலைக்கே மெல்லத் திரும்புகிறது.

2000இல் கணினி அறிவியலாளர் ராய் ஃபீல்டிங் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்னும் கட்டமைப்பு முறையை விவரித்தார். வலைப்பக்கங்களைக் கொண்டுசெல்லும் ஹெச்டிடிபியிடமே வேண்டிய வினைச்சொற்கள் உள்ளன என்பது ரெஸ்டைப் பின்பற்றியோர் கண்ட எளிய வழி: கெட் தரவைப் பெறும், புட் குறித்த முகவரியில் தரவை வைக்கும், டெலீட் நீக்கும், போஸ்ட் செயலாக்கத்துக்குத் தரவை ஒப்படைக்கும். சோப் பெரும்பாலும் போஸ்டை மட்டுமே வாகனமாகப் பயன்படுத்தியதால், உள்ளே என்ன நடக்கிறது என்பது இடையிலுள்ள கணினிகளுக்குத் தெரியாது. ரெஸ்ட் முறையில் அது வெளிப்படையாகத் தெரியும்.

இதன் பயன் பிழை நேரும்போதுதான் விளங்கும். இருக்கை கேட்டுக் கோரிக்கை அனுப்பியாயிற்று, மறுமொழி வரவில்லை. கோரிக்கை போய்ச் சேரவில்லையா, அல்லது முன்பதிவு முடிந்து மறுமொழி மட்டும் தொலைந்ததா? அனுப்பிய கணினியால் இதை அறியவே முடியாது. கெட், புட், டெலீட் ஆகியவற்றை எத்தனை முறை அனுப்பினாலும் ஒருமுறை அனுப்பியதன் விளைவே நிற்க வேண்டும் என்று ஹெச்டிடிபி விதிக்கிறது. ஆகவே அவற்றைத் தயங்காமல் மீண்டும் அனுப்பலாம். போஸ்டுக்கு அந்த உறுதி இல்லை. அதனால்தான் பணம் செலுத்தும் சேவைகள் பலவும் ஒவ்வொரு கோரிக்கையுடனும் தனித்த அடையாள எண் ஒன்றைக் கேட்கின்றன. அதே எண் மறுபடி வந்தால் புதிதாகப் பணம் பிடிக்காமல் பழைய விடையையே தருகின்றன.

எக்ஸ்எம்எல்லின் இடத்தை இன்று பெரிதும் ஜேசன் என்னும் தரவு வடிவம் பிடித்திருக்கிறது. நிரலாளர் டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பிய இந்த வடிவம் ஒரு சிறு பக்கத்தில் விவரித்துவிடக்கூடிய அளவுக்கு எளியது. ஆனால் எண்ணின் அளவுக்கு அது வரம்பு கூறவில்லை. வலைப்பக்கங்களை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய நிரலோ 9007199254740993 என்ற எண்ணை வாசித்தால், அவ்வளவு பெரிய எண்ணைத் துல்லியமாகத் தாங்க முடியாமல் கடைசி இலக்கத்தை 2 ஆக்கிவிடுகிறது. எனவே நீண்ட அடையாள எண்களை மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரமாக அனுப்புவதே பாதுகாப்பானது. கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட இடர் வேறு வேடத்தில் திரும்பி வருகிறது.

வடிவம் ஒத்தாலும் பொருள் ஒத்துவிடாது. 03/04 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று ஜேசன் சொல்லாது. ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையை வகுக்கும் ஐஎஸ்ஓ 8601 தரநிலைப்படி தேதியை எழுதினால் அந்த ஐயம் எழாது. 1000 என்ற தொகை எந்த நாணயம் என்பதற்கு ஐஎஸ்ஓ 4217இன் மூன்றெழுத்துக் குறி வேண்டும்; யென்னுக்குப் பதின்ம இலக்கம் இல்லை, குவைத் தினாருக்கு மூன்று உண்டு என்பதையும் அந்தத் தரநிலையே தெரிவிக்கிறது. அந்தத் தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் சேவையை எழுதியவர்தான் தம் ஆவணத்தில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டதால் வரும் பிழையை எந்தச் சரிபார்ப்புக் கருவியும் பிடிக்காது, ஏனெனில் செய்தி எல்லா விதிகளின்படியும் சரியாகவே இருக்கும்.