உவமையைச் சொல்லுங்கள், மிரட்டலைச் சேர்க்காதீர்கள்

இயேசு சொன்ன உவமைகளை, அதாவது பாடம் சொல்லும் குட்டிக் கதைகளை, வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கதை நன்றாகத்தான் போகும். முடிவில், "பேச்சு கேட்காவிட்டால் நீயும் இந்த ஆடு மாதிரி தொலைந்துபோவாய்" என்று ஒரு வரி வந்து விழும். குழந்தைகள் மனநல ஆலோசகராக, அந்த ஒரு வரி செய்யும் வேலையை அடிக்கடி பார்க்கிறேன்.

அதைக் கேட்டு வளர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, இரவில் அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டே தூங்குவாள். காணாமற்போன ஆட்டின் கதையைச் சொல்லச் சொன்னேன். ஆட்டுக்குட்டி இருட்டில் தனியாக நின்று அழுவதோடு நிறுத்திவிட்டாள். மேய்ப்பர் தேடி வந்து தோளில் போட்டுக்கொண்டு போனது அவள் கதையில் இல்லவே இல்லை.

ஆறேழு வயதுவரை பிள்ளைகளுக்கு ஆடு என்றால் ஆடுதான். அதற்குள் பாவம், மனந்திரும்புதல் என்று ஏற்றினால் மனதில் தங்குவது பயம் மட்டுமே. ஏற்கெனவே அப்படிச் சொல்லியிருந்தால், கதையைத் திரும்பச் சொல்லுங்கள். மேய்ப்பர் ஆட்டோடு வீட்டுக்கு வந்து, நண்பர்களைக் கூப்பிட்டு மகிழ்ந்ததுவரை சொல்லி முடியுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது பைபிளில் லூக்கா சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தில் வரும் வெள்ளிக்காசு. பத்துக் காசில் ஒன்றைத் தொலைத்த பெண், விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடிக் கண்டுபிடித்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு மகிழும் கதை. இதை விளையாட்டாகவே செய்யலாம். பத்துக் காசில் ஒன்றைப் பாய்க்கு அடியில் ஒளித்துவையுங்கள். விளக்கை அணைத்து, பிள்ளை கையில் டார்ச்சும் துடைப்பமும் கொடுங்கள். காசு கிடைத்ததும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு மிட்டாய். அந்தக் காசு ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் வீடு முழுக்கப் பெருக்கித் தேடினார்கள். இதற்கு விளக்கமே வேண்டாம்.

எண்ணெய் வாங்கப் போய்த் தாமதித்ததால் கல்யாண வீட்டில் கதவடைக்கப்பட்ட கன்னிகைகள், எஜமான் கொடுத்த தாலந்தை, அதாவது பணத்தை, புதைத்து வைத்து இருளில் தள்ளப்பட்டவன், வாசலில் கிடந்த ஏழை லாசருவும் செத்தபின் வேதனைப்பட்ட ஐசுவரியவானும், இவையெல்லாம் பத்து வயதுக்கு அப்புறம் போதும். மூடிய கதவும் புறம்பான இருளும் படுக்கப்போகும் நேரத்துக்கு ஏற்றவை அல்ல.

சொத்தில் பங்கு வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனை அப்பா விருந்து வைத்து ஏற்றுக்கொள்ளும் கெட்ட குமாரன் கதையை எட்டு வயதுக்கு மேல், கூடப்பிறந்தவர்கள் உள்ள வீட்டில் சொல்லிப் பாருங்கள். தம்பிக்குக் கொழுத்த கன்று அடித்ததற்காகக் கோபித்து வெளியே நின்ற அண்ணன், கடைசியில் உள்ளே போனானா? லூக்கா அதை எழுதவில்லை. உங்கள் மூத்த பிள்ளையிடம் கேளுங்கள். "போகவில்லை" என்று சொன்னால் திருத்த வேண்டாம். ஏன் என்று மட்டும் கேட்டு, சொல்வதை முழுசாகக் கேளுங்கள்.