கிளாண்ட் நட்டை இறுக்கிட்டா லீக் நின்னுடுமா?

வால்வ் ஸ்டெம் (வால்வைத் திறந்து மூடுற தண்டு) பக்கத்துல லேசா ஈரம் தெரிஞ்சதும் ஸ்பேனரை எடுத்து, பேக்கிங்கை அமுக்குற கிளாண்ட் நட்டை ஒரு சுத்து இறுக்கிட்டுப் போயிடுறதுதான் பல பிளான்ட்டுல நடக்குது. கொஞ்ச நாள் நிக்கும், திரும்ப லீக் வரும், திரும்ப இறுக்குவாங்க, கடைசில ஹேண்ட்வீலை ரெண்டு பேர் சேர்ந்து பிடிச்சாலும் அசையாது, லீக்கும் நிக்காது. மெயின்டனன்ஸ்ல இருக்குறவங்க எல்லாருமே இதைப் பாத்திருப்பீங்க. இறுக்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரல, எதனால கசியுதுன்னு பாக்காம இறுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

பேக்கிங்னா கசிவை அடைக்க ஸ்டெம்மைச் சுத்திப் போடுற ரிங்குங்க, அது வேலை செய்யுற விதம் ரொம்ப சிம்பிள். நட்டை இறுக்குனா கிளாண்ட் ஃபாலோயர்ங்குற அமுக்கு வளையம் மேலேர்ந்து அமுக்குது, ரிங் எல்லாம் பக்கவாட்டுல விரிஞ்சு உள் பக்கம் ஸ்டெம்மையும் வெளிப் பக்கம் ஸ்டஃபிங் பாக்ஸ் (பேக்கிங் உக்கார்ற குழி) சுவரையும் கவ்வுது, அந்தப் பிடி லைன் பிரஷரைத் தாங்குற வரைக்கும் லீக் கிடையாது. ஆனா மேல குடுக்குற லோடு முழுசா கீழ போய்ச் சேராது. ஒவ்வொரு ரிங்கும் உராய்வுல கொஞ்சம் கொஞ்சமா லோடை வாங்கிக்கும், அடில இருக்குற ரிங்குக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். அதனாலதான் பாக்ஸ் ஆழமா இருக்கேன்னு எட்டு பத்து ரிங்கைத் திணிக்கிறதுல பிரயோஜனம் இல்ல. பெரும்பாலான பிளாக் வால்வுக்கு (லைனைத் திறக்க மூட மட்டும் இருக்குற வால்வ்) 5 ரிங் தாராளமா போதும், மிச்ச ஆழத்துக்கு அடில கார்பன் புஷ் (கெட்டியான கார்பன் வளையம்) போட்டுடலாம். ரிங் கூடக் கூட அது நாளாக நாளா அமுங்குற அளவும் கூடும், அமுங்க அமுங்க போல்ட் லோடு இறங்கிடும்.

இந்த லோடு இறங்குறதுதான் முக்கால்வாசி லீக்குக்கு ஆரம்பம். டெஃப்ளான் பேக்கிங் அமுக்கத்துல மெதுவா வழிஞ்சு இடைவெளி எங்க இருக்கோ அங்க போயிடும், சூடாகி ஆறி சூடாகி ஆறி ஓடுற லைன்ல இது இன்னும் சீக்கிரம் நடக்கும், அதோட டெஃப்ளானுக்கு 260 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதுக்கு மேல கிராஃபைட்தான் போடணும். கிராஃபைட்டும் காத்து படுற இடத்துல சுமார் 450 டிகிரியைத் தாண்டுனா மெதுவா எரிஞ்சு குறையும், இறுக்க ரிங்கே மிச்சம் இருக்காது. ரொம்பப் பழைய வால்வைப் பிரிக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும், உள்ள ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இருக்க வாய்ப்பு உண்டு. காய்ஞ்ச நிலைல அதைக் குத்தி நோண்டி, ஏர் ஹோஸ் வச்சு ஊதவே ஊதாதீங்க, தூசி நுரையீரலுக்குப் போயிடும்.

இன்னொண்ணு ஸ்டெம். புது பேக்கிங் போட்டும் ஒரே வாரத்துல கசியுதுன்னா நான் முதல்ல ஸ்டெம்மைத்தான் பாப்பேன். துணியால நல்லா தொடைச்சிட்டு விரல் நகத்தைக் குறுக்க வச்சு ஓட்டிப் பாருங்க, நெட்டுக்குத்தா ஒரு கீறல் இருந்தா நகம் தட்டும். அந்தக் கீறல்தான் லீக்குக்கு வழி, எவ்வளவு நல்ல பேக்கிங் போட்டாலும் அதை அடைக்காது. பல கீறல் எப்படி வருதுன்னா, ரெண்டு நட்டையும் சமமா இறுக்காம ஒரு பக்கம் மட்டும் இறுக்குறதால ஃபாலோயர் சாய்ஞ்சு ஸ்டெம்மை உரசுது. சின்னச் சின்னக் குழியா இருந்தா வேற கதை, கிராஃபைட்டும் 13 குரோம் (சுமார் 13 சதவீதம் குரோமியம் இருக்குற ஸ்டீல்) ஸ்டெம்மும் ஈரத்தோட சும்மா கிடந்தா அரிப்பு வரும். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி பிரஷர் டெஸ்ட்) முடிஞ்சு தண்ணி காயாம ஸ்டோர்ல போட்டு வச்ச வால்வுல இது சகஜம். அதுக்குத்தான் அரிப்புத் தடுப்பு சேர்த்த கிராஃபைட்டைக் கேட்டு வாங்கணும்.

ரீபேக் பண்றப்போ, அதாவது பேக்கிங்கைப் புதுசா மாத்துறப்போ, பழைய ரிங் எல்லாத்தையும் எடுத்துடணும், இதுல சமரசமே வேண்டாம். மேல ரெண்டு ரிங்கை மட்டும் எடுத்துட்டு புதுசு ரெண்டு போடுறது நேரம் மிச்சமாகுற மாதிரி தெரியும், ஆனா அடில இருக்குற பழசு கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும், அது விரியவே விரியாது. ஹூக்கால எடுக்குறப்போ முனை ஸ்டெம்ல படாம பாத்துக்கங்க. சைஸை கண்ணால மதிக்காதீங்க, பாக்ஸ் உள் விட்டத்துலேர்ந்து ஸ்டெம் விட்டத்தைக் கழிச்சு பாதியாக்குனா வர்றதுதான் பேக்கிங் சைஸ். கயிறை ஸ்பிரிங் மாதிரி சுத்திச் சுத்தி உள்ள விடுறதையும் பாத்திருக்கேன், அப்படி விட்டா கசியுறதுக்கு மேலேர்ந்து கீழ வரைக்கும் நாமளே பாதை போட்டுக் குடுத்த மாதிரிதான். தனித்தனி ரிங்கா வெட்டி, ஒவ்வொண்ணையும் உள்ள தட்டி உக்கார வச்சு, ஜாயின்ட் ஒண்ணுக்கு மேல ஒண்ணு வராம 90 டிகிரி தள்ளித் தள்ளி வைக்கணும். அப்புறம் ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா, வால்வ் சப்ளையர் குடுத்த டார்க்குக்கு (எவ்வளவு முறுக்கணும்ங்குற அளவு) இறுக்கி, ஸ்டெம்மை நாலஞ்சு தடவை ஓட்டிட்டு திரும்ப டார்க் பாருங்க, கண்டிப்பா இறங்கியிருக்கும்.

பம்ப்புல வேலை பாத்துட்டு வால்வுக்கு வர்றவங்களுக்கு ஒரு குழப்பம் வரும். பம்ப் கிளாண்ட் சொட்டு சொட்டா வடியணும், சுத்துற ஷாஃப்டுக்கு அந்தத் தண்ணிதான் குளுமை, நிறுத்துனா பேக்கிங் கருகிடும். வால்வுக்கு அந்தக் கணக்கு கிடையாது, ஒரு சொட்டு கூட ஏத்துக்கக் கூடாது. ஹைட்ரோகார்பன் லைன்ல கண்ணுக்குத் தெரியாத கசிவையும் கருவி வச்சுத்தான் தேடணும். வால்வ் ஸ்டெம் கசிவுக்கான ஏபிஐ 624 (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) டெஸ்டுல 310 தடவை வால்வைத் திறந்து மூடி, நடுவுல 3 தடவை சூடாக்கி ஆற வச்ச பிறகும் கசிவு 100 பிபிஎம்மைத் (பத்து லட்சத்துல 100 பங்கு) தாண்டக் கூடாது.

உயிர் விஷயம் ஒண்ணு இருக்கு. வால்வை முழுசா திறந்து பேக்சீட்ல (முழுசா திறந்தா ஸ்டெம் மேல வந்து உள்ளேயே அடைக்கிற இடம்) உக்கார வச்சுட்டா பிரஷரோடயே பேக்கிங் மாத்தலாம்னு சிலர் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. அந்த பேக்சீட் உள்ள எந்த நிலைமைல இருக்குன்னு வெளிலேர்ந்து யாராலயும் பாக்க முடியாது. லைனை ஐசொலேட் பண்ணி, டிரெயின் பண்ணி, பிரஷர் பூஜ்யம்னு உறுதி பண்ணிட்டுத்தான் கிளாண்டைத் தளர்த்தணும். துருப்பிடிச்ச கிளாண்ட் ஸ்டட்டை (நட் மாட்டுற போல்ட்) லைன் ஓடுறப்போ இறுக்குனா ஸ்டட் உடைஞ்சு பேக்கிங்கே வெளில பாயும். ஹை பிரஷர் ஸ்டீம் வெளிய வர்ற இடத்துல கண்ணுக்கே தெரியாது, கையை நீட்டித் தேடாதீங்க.

அடிக்கடி திறந்து மூடுற வால்வுக்கும் கன்ட்ரோல் வால்வுக்கும் (ஓட்டத்தைத் தானா கூட்டிக் குறைக்கிறது) கிளாண்ட் நட்டுக்கு அடில டிஸ்க் ஸ்பிரிங் (கிண்ணம் மாதிரி வளைஞ்ச வாஷர்) அடுக்கு போட்டா ரொம்ப நல்லது, பேக்கிங் அமுங்குற அளவுக்கு ஸ்பிரிங் விரிஞ்சு லோடை இறங்க விடாது. கன்ட்ரோல் வால்வுல அளவுக்கு மீறி இறுக்குனா லீக்கை விடப் பெரிய தொல்லை, ஸ்டெம் ஒட்டிக்கிட்டு நின்னு திடீர்னு குதிக்கும், பிராசஸ் ஊசலாடும், இன்ஸ்ட்ருமென்ட்காரங்க காரணம் தெரியாம டியூனிங்கை மாத்திக்கிட்டே இருப்பாங்க.

ஃபாலோயருக்கு இன்னும் இறங்க எவ்வளவு இடம் இருக்குன்னு ரெண்டு பக்கமும் வெர்னியர் வச்சு அளந்து ரெஜிஸ்டர்ல எழுதுங்க. அளவு ரெண்டு பக்கமும் வேறயா இருந்தா ஃபாலோயர் சாய்ஞ்சிருக்கு. இடமே இல்லாம போயிருந்தா இனிமே இறுக்கி ஆகப் போறது ஒண்ணுமில்ல, அடுத்த ஷட்டவுன் லிஸ்டுல அந்த வால்வ் டேக் நம்பரைச் சேத்துடுங்க.